தண்ணீர் இருக்கிறது, சானல் உடைந்திருக்கிறது: பக்கவாதமும் மூளையின் வெண்பொருளும்

மாமாவின் எம்.ஆர்.ஐ. ஃபிலிமை நான் முதலில் பார்த்தது அவர் வீட்டு ஜன்னலில்தான். குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீடு. மரநிழலில் பகலிலும் உள்ளே வெளிச்சம் குறைவு. மாமி திரையை ஒதுக்கிவிட்டு ஃபிலிமைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போலப் பிடித்தார். மூளையின் இடது பாதியில், நடுவிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு பெரும்பயறு அளவுக்கு வெள்ளையாக ஒரு புள்ளி.

"மக்ளே, இந்த இத்துனூண்டு புள்ளிக்கா என் கை போச்சு?" என்று மாமா கேட்டார். பேச்சு குழறினாலும் கேள்வி தெளிவாகவே இருந்தது.

முப்பது வருஷம் ரப்பர் பால் வெட்டியவர். விடியற்காலை நாலு மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கினால் வெயில் ஏறுவதற்குள் நானூறு மரம் முடித்துவிடுவார். அன்றைக்கும் அப்படித்தான் இறங்கியிருக்கிறார். பத்து மரம் தாண்டும்போது வலது கையிலிருந்து கத்தி நழுவியிருக்கிறது. எடுத்தார், மறுபடி நழுவியது. நரம்பு மரத்துப்போச்சு, கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்று வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எட்டு மணி நேரம் போயிருந்தது.

மாமாவின் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. அப்புறம் தேடிப் படித்தேன், டாக்டர்களிடமும் கேட்டேன். அந்தப் புள்ளி இருந்த இடம் மூளையின் வெண்பொருள். நம் வீடுகளில் பக்கவாதம் என்றால் "மூளைச் செல் செத்துப்போச்சு" என்று பேசுகிறோம். மாமாவின் கையை அசைக்க உத்தரவு தரும் செல்கள் மூளையின் மேற்பரப்பில் அப்படியேதான் இருக்கின்றன. அங்கிருந்து கீழே இறங்கும் இழைகள்தான் அறுந்திருக்கின்றன.

மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், தூண்களின் மேல் ஒரு சிமென்ட் தொட்டி வழியாகப் பட்டணங்கால் சானல் தண்ணீர் போகிறது. 1966இல் கட்டி முடித்தது. அணையில் எவ்வளவு தண்ணீர் கிடந்தாலும் அந்த இடத்தில் அது அந்தத் தொட்டி வழியாகத்தான் அக்கரைக்குப் போக வேண்டும். தொட்டியில் ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்கு உடைப்பு விழுந்தால் போதும், கடைவரம்பில் பல கிராமத்து வயல் காயும். மூளையிலும் அப்படி ஓர் இடம் உண்டு. 'உட்புற உறைப்பகுதி' என்று பாடப்புத்தகத் தமிழில் சொல்கிறார்கள். முகம், கை, கால் எல்லாவற்றுக்குமான இழைகள் மேலே விரிந்து கிடந்து, அந்த இடத்தில் ஒரு கத்தையாக நெருங்கி, அப்புறம் தண்டுவடத்துக்கு இறங்குகின்றன. அங்கே ஒரு பயறளவு சேதம் என்பது தொட்டிப்பாலத்தில் விழுந்த உடைப்பு.

இந்த வகைப் பக்கவாதம் அரிதும் அல்ல. ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதங்களில் ஏறக்குறைய நாலில் ஒன்று, மூளையின் ஆழத்துக்குப் போகும் தலைமுடி போன்ற சிறு குழாய்கள் அடைத்து வருவது. பல வருஷம் கட்டுப்படாமல் இருக்கும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் முதலில் கைவைப்பது அந்தச் சிறு குழாய்களில்தான். பக்கத்துத் திருவனந்தபுரத்தில் 2005இல் வீடு வீடாகவும் ஆஸ்பத்திரி வாரியாகவும் கணக்கெடுத்தபோது, வருஷத்துக்கு லட்சம் பேரில் சுமார் 135 பேருக்குப் புதிதாகப் பக்கவாதம் வருவதாகத் தெரிந்தது. நம் மாவட்டத்துச் சாப்பாடும் வேலையும் உடம்புவாகும் அவர்களுடையதிலிருந்து ரொம்பத் தூரம் இல்லை.

வெண்பொருள் என்று ஏன் பெயர் வந்தது? அங்குள்ள பெரும்பாலான நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை சுருள்சுருளாகச் சுற்றியிருக்கிறது. அந்தக் கொழுப்பின் நிறம்தான் வெள்ளை. மின்கம்பிக்கு மேல் ரப்பர் உறை போட்டால் கரண்ட் கசியாது என்பது மாமாவுக்குத் தெரியும். மயலின் அதோடு இன்னொரு வேலையும் செய்கிறது. உறை இல்லாத மெல்லிய இழையில் செய்தி ஒரு விநாடிக்கு ஒரு மீட்டர்கூட நகராது. தடித்த உறை போட்ட இழையில் அதே செய்தி நூறு மீட்டர் ஓடும். உறையின் இடைவெளிகளில் செய்தி தாவித் தாவிப் போவதால் கிடைக்கும் வேகம் இது. கத்தியைப் பிடித்த ஐந்து விரலும் ஒரே கணத்தில் இறுகித் தளர வேண்டுமானால் இந்த வேகம் வேண்டும்.

அளவைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். மனித மூளையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு வெண்பொருள்தான். கோபன்ஹேகனில் இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்து கணக்கிட்டிருக்கிறார்கள்: 20 வயது ஆணின் மூளையில் மயலின் உறையிட்ட இழைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால் சுமார் 1,76,000 கிலோமீட்டர் வரும். பெண்ணுக்குச் சுமார் 1,49,000. உலகை நாலு சுற்றுச் சுற்றலாம். வயது கூடக்கூட இது குறைந்துகொண்டே போகிறது. பெரிய குழாய் ஒன்று அடைத்துவிட்டால் சிகிச்சை கிடைக்காத ஒவ்வொரு நிமிஷமும் 19 லட்சம் நரம்புச் செல்களோடு 12 கிலோமீட்டர் இழையும் அழிகிறது என்று 2006இல் ஒரு கணக்கு வந்தது. பன்னிரண்டு கிலோமீட்டர் என்றால் கிட்டத்தட்ட நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் தாண்டிக் கொட்டாரத்தை நெருங்கும் தூரம். ஒரு நிமிஷத்தில்.

இந்த உறையைப் போடுகிறவை ஒலிகோடென்ட்ரோசைட் என்ற செல்கள். ஒரு செல் தன் கைகளை நீட்டி நாற்பது, ஐம்பது இடங்களில்கூட உறை சுற்றும். அவ்வளவு வேலை செய்வதால் அதற்குத் தீனியும் அதிகம் வேண்டும். ஆக்சிஜன் குறைந்தால் சட்டென்று சாகிற செல்களில் இதுவும் ஒன்று. அதோடு வெண்பொருளுக்கு வரும் ரத்த ஓட்டமே, நரம்புச் செல்கள் நிறைந்த சாம்பல் பொருளைவிடக் குறைவு. செல் செத்தால் உறை உரியும், உறை உரிந்த இழை கொஞ்ச நாளில் தானும் நலியும்.

இதில் நம்பிக்கை தரும் ஒரு விஷயம் இருக்கிறது, வெண்பொருளைப் பழுதுபார்க்கும் ஆராய்ச்சி பெரும்பாலும் அதன் மேல்தான் நிற்கிறது. பெரியவர்களின் மூளையிலும் ஒலிகோடென்ட்ரோசைட்டாக மாறக்கூடிய இளஞ்செல்கள் இருக்கின்றன. கொஞ்சநஞ்சம் இல்லை, மூளைச் செல்களில் நூற்றுக்கு ஐந்துக்குக் குறையாமல் இவைதான். காயம் பட்டதும் இவை பெருகி அந்த இடத்துக்கு நகர்ந்து வருகின்றன. வந்து சேர்ந்து, காயத்தின் ஓரத்தில் அப்படியே நின்றுவிடுகின்றன. முதிர்ந்து உறை போடும் நிலைக்குப் பெரும்பாலானவை போவதில்லை.

ஒக்கிப் புயலுக்கு அடுத்த வருஷங்கள் எனக்கு இங்கே ஞாபகம் வருகின்றன. 2017 நவம்பர் 30 அன்று எங்கள் பக்கத்தில் ரப்பர் மரங்கள் வேரோடு சாய்ந்தன. அப்புறம் எல்லாரும் கன்று நட்டோம். கன்று நட்டதும் பால் வந்துவிடாது. ஏழு வருஷம் மண்ணும் மழையும் உரமும் ஒத்துழைத்தால்தான் கத்தி வைக்க முடியும். மூளையில் காயம்பட்ட இடத்தின் மண் அப்போது நல்ல மண்ணாக இருப்பதில்லை. வீக்கம், தழும்பு, 'வளராதே' என்று தடுக்கும் புரதங்கள் எல்லாம் சேர்ந்து கன்றைக் கன்றாகவே நிறுத்திவைக்கின்றன. அந்த மண்ணுக்கு என்ன போட்டால் கன்று மரமாகும்? இங்கேதான் வளர்ச்சிக் காரணி வருகிறது.

வளர்ச்சிக் காரணி என்பது உடம்பே தயாரிக்கும் ஒரு புரதம். ஒரு செல் அதை வெளியிடும், பக்கத்துச் செல்லின் மேல் அதற்கென்று இருக்கும் பூட்டில் போய்ப் பொருந்தும். உடனே அந்தச் செல்லுக்குள் 'பிழைத்திரு', 'பெருகு', 'முதிர்ந்து வேலையைத் தொடங்கு' என்று ஏதாவது ஒரு கட்டளை ஓடும். எந்தக் காரணி, எந்தச் செல், எந்த நேரம் என்பதைப் பொறுத்துக் கட்டளை மாறும்.

இப்படி ஒன்று இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் இத்தாலியப் பெண் ரீட்டா லெவி-மொந்தல்சினி. 1938இல் முசோலினியின் இனச் சட்டங்கள் யூதர்களுக்குப் பல்கலைக்கழகக் கதவை மூடியபோது, அவர் துரின் நகரத்தில் தன் படுக்கையறையையே ஆய்வுக்கூடம் ஆக்கிக்கொண்டார். கோழிமுட்டைதான் அவருடைய ஆராய்ச்சிப் பொருள். தையல் ஊசியைத் தீட்டிச் சின்னக் கருவிகள் செய்து, முட்டைக்குள் வளரும் குஞ்சின் நரம்புகளைக் கவனித்தார். போர் முடிந்து அமெரிக்காவில் செயின்ட் லூயிஸுக்குப் போனார். 1950களின் தொடக்கத்தில், ஒருவகைப் புற்றுக்கட்டித் திசுவின் பக்கத்தில் வைத்த நரம்பு முடிச்சிலிருந்து இழைகள் சூரியக் கதிர்போல நாலாபுறமும் நீள்வதைக் கண்டார். ஏதோ ஒரு பொருள் அந்தத் திசுவிலிருந்து கசிகிறது. அதைப் பிரித்தெடுக்க வந்து சேர்ந்தவர் வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன். அது பாம்பு விஷத்தில் இன்னும் அதிகமாகவும், அப்புறம் பார்த்தால் ஆண் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் அதைவிட அதிகமாகவும் இருந்தது. அதுதான் நரம்பு வளர்ச்சிக் காரணி. 1986இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஜன்னலை மூடிக்கொண்டு, குண்டு விழும் ஊரில், முட்டையை வைத்துக்கொண்டு அந்தப் பெண் உட்கார்ந்திருந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். 103 வயது வரை வாழ்ந்து 2012இல் காலமானார்.

அதே குடும்பத்தின் இன்னொரு புரதத்தை 1982இல் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஈவ்-அலேன் பார்ட், ஹான்ஸ் தேனன் குழுவினர். பி.டி.என்.எஃப். என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். மூளையிலிருந்து கிடைக்கும் நரம்பூட்டக் காரணி என்று பொருள். பக்கவாதத்துக்குப் பிறகான வெண்பொருள் பழுதுபார்ப்பில் அதிகம் பேசப்படுவது இதுதான்.

எலிகளில் இது காட்டிய பலன் நிஜம். ஸ்பெயினின் மாட்ரிட் நகரத்துக் குழு ஒன்று 2015இல் வெளியிட்ட ஆய்வில், குழாயைச் சுருக்கும் ஒரு மருந்தை எலிமூளையின் ஆழத்தில் செலுத்தி, ஏறக்குறைய மாமாவுக்கு வந்த மாதிரியான சேதத்தை உண்டாக்கினார்கள். அப்புறம் சில எலிகளுக்கு பி.டி.என்.எஃப். ரத்தத்தில் ஏற்றினார்கள். ஏற்றிய எலிகளில் ஒலிகோடென்ட்ரோசைட்டுகள் முதிர்ந்தன, மயலின் அதிகமாக உருவானது, இழைப்பாதைகளின் தொடர்பு மேம்பட்டது, நடமாட்டமும் தேறியது. இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே மாமாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடலாமா என்றிருந்தது. நல்லவேளை, மனிதர்களிடம் செய்த சோதனைகளை முதலில் படித்தேன்.

மனிதர்களுக்கு வளர்ச்சிக் காரணி கொடுத்துப் பார்க்காமல் யாரும் சும்மா இருக்கவில்லை. ஃபைப்ரோபிளாஸ்ட் வளர்ச்சிக் காரணி என்ற ஒன்றை நோயாளிகளின் ரத்தக்குழாயில் ஏற்றிப் பார்த்த ஐரோப்பிய, ஆஸ்திரேலியச் சோதனையின் முடிவு 2002இல் வந்தது. 286 பேரோடு அதை நடுவிலேயே நிறுத்தினார்கள், பலன் தெரியவில்லை. மருந்து ரத்த அழுத்தத்தை இறக்கியது வேறு. ரத்தச் சிவப்பணுவைப் பெருக்கும் எரித்ரோபாய்ட்டினை ஜெர்மனியில் 522 பேரிடம் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். ஆரம்பச் சிறு ஆய்வு நம்பிக்கை தந்திருந்தது. பெரிய ஆய்விலோ, மருந்து வாங்கியவர்களில் நூற்றுக்குப் பதினாறு பேரும் வெறும் திரவம் வாங்கியவர்களில் ஒன்பது பேரும் இறந்திருந்தார்கள். கட்டி கரைக்கும் ஊசியும் சேர்ந்து போட்டுக்கொண்டவர்களிடம் ஆபத்து அதிகமாகத் தெரிந்தது. வெள்ளணுவைப் பெருக்கும் ஜி-சி.எஸ்.எஃப். 2013இல் 328 பேரிடம் தோற்றது.

எலியில் ஜெயித்தது ஏன் மனிதரில் தோற்கிறது? காரணங்களில் ஒன்றை நான் ரொம்ப நாள் கவனிக்கவே இல்லை. எலியின் மூளையில் வெண்பொருள் பத்துப் பதினைந்து சதவீதம்தான். நமக்குப் பாதிக்கு நெருங்கி இருப்பது அதற்குச் சின்ன ஓரம். எலியின் தலைக்குள் ஓர் இழை திரும்ப வளர வேண்டிய தூரம் மில்லிமீட்டர் கணக்கு, மாமாவின் தலையில் அது சென்டிமீட்டர் கணக்கு. ஆய்வுக்கூட எலிக்கு வயது குறைவு, சர்க்கரை இல்லை, முப்பது வருஷத்து ரத்த அழுத்தம் இல்லை. பலகாலம் வெண்பொருளைத் தனியாகப் பார்க்காமல் நரம்புச் செல்லைக் காப்பாற்றினால் போதும் என்று மருந்து தேடியதும் ஒரு தவறு என்று இப்போது ஆராய்ச்சியாளர்களே எழுதுகிறார்கள்.

இன்னொரு தடை, மருந்தை உள்ளே சேர்ப்பது. மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் மற்ற உறுப்புகளில் இருப்பதுபோல் இல்லை. செல்கள் இடைவெளி இல்லாமல் இறுகி, பெரிய மூலக்கூறுகளை வாசலிலேயே நிறுத்தும். பி.டி.என்.எஃப். பெரிய புரதம், மின்னூட்டமும் உள்ளது. ரத்தத்தில் விட்டால் சில நிமிஷங்களில் பாதி காணாமல் போய்விடும், மிச்சத்தில் சொற்பம்தான் மூளைக்குள் நுழையும். காயம் பட்ட புதிதில் அந்தச் சுவர் கொஞ்சம் இளகியிருக்கும் என்பதால் அப்போது சற்றுக் கூடுதலாகப் போகலாம். பேச்சிப்பாறை அணையில் ஷட்டரைத் திறந்துவிட்டுக் கடைவரம்பு வயலில் ஒரே ஒரு பாத்திக்கு மட்டும் தண்ணீர் வேண்டும் என்று காத்திருப்பது போன்ற வேலை இது. அளவைக் கூட்டினால் வழியிலுள்ள மற்ற உறுப்புகளெல்லாம் அந்தக் கட்டளையைக் கேட்க ஆரம்பித்துவிடும். 'வளர்' என்ற கட்டளை தவறான இடத்தில் கேட்டால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

நேரம் மூன்றாவது சிக்கல், என்னைக் கேட்டால் இதுதான் கடினமானது. ரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணியை எடுத்துக்கொள்ளுங்கள். வாரங்கள் கழித்து அது புதுக் குழாய்களை முளைக்கச் செய்யும், நல்லது. முதல் நாளிலேயே அது அதிகமானால் குழாய்ச் சுவரைக் கசியவைத்து மூளை வீக்கத்தைக் கூட்டும். ஒரே மருந்து, வாரங்கள் கழித்து உரம், முதல் நாளில் விஷம். இளஞ்செல்களின் கதையும் இப்படியே. 'பெருகு' என்ற காரணியை நீண்டநாள் கொடுத்தால் அவை பெருகிக்கொண்டே இருக்கும், முதிராது. முதலில் பெருகவிட்டு, சரியான நாளில் அதை நிறுத்தி, 'முதிர்' என்ற கட்டளைக்கு மாற வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் அந்த நாள் எது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எதுவும் வழக்கத்தில் இல்லை.

இதையெல்லாம் நான் இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. மாமாவை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, வேறோர் இடத்தில் காட்டியபோது, மூளை நரம்பை வளர்க்கும் ஊசி என்று பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார்கள். பன்றி மூளையிலிருந்து எடுத்த புரதத் துணுக்குகளின் கலவை. மாமி கம்மலை அடகு வைத்தார். அவரைத் தடுக்க எனக்கு அன்றைக்கு விவரம் போதவில்லை. இந்த வகைக் கலவையை ஆசிய நாடுகளில் 1,070 நோயாளிகளிடம் சோதித்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் மொத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. பிறகு ஒரு சிறிய ஆய்வில் கை அசைவில் முன்னேற்றம் தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் நடந்த எல்லா நல்ல ஆய்வுகளையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, உயிர் காப்பதில் பலன் இல்லை, கடுமையான பக்கவிளைவுகள் கூடக்கூடும் என்றுதான் முடித்தது. கம்மலை அடகு வைக்கும் அளவுக்கு இதில் சரக்கு இல்லை என்பது என் முடிவு.

ஸ்டெம்செல் விஷயமும் இதே பக்கம்தான். வேறு செல்லாக மாறக்கூடிய இந்த மூலச்செல்களை ஏற்றினால் அவை புது நரம்பாக மாறும் என்பதைவிட, காயத்தின் பக்கம் வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கும் என்பதுதான் இப்போதைய எதிர்பார்ப்பு. நோயாளியின் சொந்த எலும்பு மஜ்ஜைச் செல்களை ரத்தக்குழாயில் ஏற்றிப் பார்த்த இந்திய ஆய்வு 120 பேரிடம் நடந்து 2014இல் வெளியானது. ஆபத்தில்லை, பலனும் இல்லை. பக்கவாதத்துக்கு ஸ்டெம்செல் என்பதை முறையான ஆய்வுக்கு வெளியே காசு வாங்கிக்கொண்டு செய்ய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் இடம் தரவில்லை. யாராவது "இது ஆராய்ச்சி, இவ்வளவு லட்சம் கட்டுங்கள்" என்றால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். அந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். உண்மையான ஆய்வில் சோதிக்கும் மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்க மாட்டார்கள்.

ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. மூக்கு வழியாகத் தெளித்தால் வாசனை நரம்பின் பாதையில் காவலைத் தாண்டி மூளைக்குள் போகலாம் என்று ஒரு வழி. பிறந்தவுடன் ஆக்சிஜன் குறைந்த சுண்டெலிக் குட்டிகளின் மூக்கில் தோல் வளர்ச்சிக் காரணியை விட்டு வெண்பொருள் தேறியதை 2014இல் காட்டினார்கள். ரத்தத்தில் நுண்குமிழ்களை விட்டு, தலைக்கு வெளியிலிருந்து ஒலியலையைக் குவித்து, வேண்டிய இடத்தில் மட்டும் சுவரைச் சற்று நேரம் திறக்கிற வழி இன்னொன்று. உரம் போடுவதை விட்டுவிட்டு, தடுக்கும் புரதத்தை மூடலாம் என்றும் பார்த்தார்கள். மயலினோடு சேர்ந்த ஒரு தடுப்புப் புரதத்துக்கு எதிரான மருந்தை 134 பக்கவாத நோயாளிகளிடம் சோதித்தபோது நடைவேகம் கூடவில்லை, 2017இல். இன்னும் எதுவும் மருந்துக்கடைக்கு வரவில்லை.

சரி, அப்படியானால் மாமாவுக்கு என்ன?

உடம்புக்குள்ளேயே வளர்ச்சிக் காரணி ஊறும் ஊற்று இருக்கிறது. வேலை செய்யும் நரம்பிழை தன்னைச் சுற்றியுள்ள இளஞ்செல்களுக்கு வேலை வருகிறது என்று சேதி அனுப்புகிறது. லண்டனில் 2014இல் செய்த சோதனையில், குச்சிகள் ஒழுங்கில்லாத இடைவெளியில் பொருத்திய சக்கரத்தில் ஓட சுண்டெலிகளைப் பழக்கினார்கள். புது ஒலிகோடென்ட்ரோசைட் உருவாகாமல் தடுத்த சுண்டெலிகளால் அதைச் சரியாகக் கற்க முடியவில்லை. அதற்கு முன் 2009இல் ஆக்ஸ்ஃபோர்டில், பெரியவர்கள் ஆறு வாரம் பந்துகளை மாற்றி மாற்றித் தூக்கிப்போட்டுப் பிடிக்கப் பழகினார்கள். ஸ்கேனில் அவர்களுடைய வெண்பொருள் மாறியிருந்தது. இந்த இரண்டும் ஆரோக்கியமான மூளைகள், பக்கவாத மூளையில் அதே அளவு நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் காரணி சரியான இடத்தில், சரியான அளவில், சரியான நேரத்தில் சுரப்பதற்கு இன்றைக்கு நம் கையில் இருக்கும் வழி, அந்த இழைகளுக்கு வேலை கொடுப்பதுதான் என்று நான் நம்புகிறேன். கழுத்தில் ஓடும் வேகஸ் நரம்பைச் சிறு மின்துடிப்பால் தூண்டிக்கொண்டே கைப்பயிற்சி செய்ய வைத்த 108 பேர் ஆய்வு 2021இல் நல்ல முன்னேற்றம் காட்டியது. அதுவும் பயிற்சியின் மேல் ஏற்றிய பலன்தான், பயிற்சி இல்லாமல் அந்தக் கருவி மட்டும் போதாது.

அதற்காக முதல் நாளே எழுப்பி நடத்தவும் கூடாது. 2,104 பேரைச் சேர்த்த ஒரு பெரிய ஆய்வு 2015இல் அதைத்தான் கண்டது: 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அதிகமாக நடக்கவைத்தவர்கள் பின்னால் கொஞ்சம் மோசமாகவே இருந்தார்கள். இங்கும் நேரம்தான்.

எங்கள் மாவட்டத்தில் வாதம் விழுந்தவரை வர்ம வைத்தியம் செய்யும் ஆசானிடம் கூட்டிப்போகாத குடும்பம் குறைவு. மாமாவையும் கூட்டிப்போனோம். எண்ணெய் தடவி நீவிவிட்டதில் தோள் இறுக்கம் குறைந்தது, ராத்திரி வலி குறைந்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீவும்போது வேலை செய்வது ஆசானின் கை. மாமாவின் அறுந்த இழைகளுக்கு வேண்டியது, வராத விரலை வரவைக்க மாமாவே முயல்வது, ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை. குடும்பத்தாருக்குக் கற்றுக்கொடுத்து வீட்டிலேயே பயிற்சி தரலாம் என்று லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் பாண்டியன் முன்னின்று 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2017இல் வந்தது. வழக்கமான கவனிப்பைவிட அது மேலான பலன் தரவில்லை. பயிற்சியே வீண் என்று இதைப் படிக்கக் கூடாது. வீட்டாரின் அன்பு மட்டும் போதாது, பயிற்சி தெரிந்த ஆளும் போதுமான மணி நேரமும் வேண்டும் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார், பிரஷர், சர்க்கரை மாத்திரையும் வீட்டுக்கு வருகிறது. மலையோரத்தில் பஸ் பிடித்துப் போக முடியாதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை மாமி சொல்லிக் கேட்க வேண்டும். அந்த மாத்திரையை மாமா இப்போது ஒரு நாளும் விடுவதில்லை. அடுத்த சிறு குழாய் அடைக்காமல் இருக்க அதைவிடப் பெரிய மருந்து கிடையாது.

வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் முதலில் பந்தைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார், அப்புறம் துணி காயப்போடும் கிளிப்பை அழுத்தச் சொன்னார். மாமாவுக்கு இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. "இது பிள்ளையளுக்க விளையாட்டு" என்றார். "சார், உங்களுக்குத் தெரிஞ்ச வேலையையே செய்வோம்" என்று அந்தத் தம்பி சொன்னதும்தான் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. மாமி, வெட்டிப்போட்ட ரப்பர் தடி ஒன்றை முற்றத்துச் சுவரோடு நிறுத்திக் கட்டினார். கத்தியின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினார்.

பால் வெட்டு என்பது பட்டையைச் சீவுவது. கத்தி பட்டைக்குள் இறங்க வேண்டும், உள்தடியைத் தொடக் கூடாது. தொட்டால் மரம் காயப்பட்டுவிடும். அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருக்காது. அந்த மில்லிமீட்டரைக் கண்ணால் பார்க்க முடியாது, கைதான் அறியும்.

முதல் இரண்டு வாரம் கத்தி பட்டையில் நிற்கவே இல்லை. வழுக்கிக் கீழே போனது, இல்லை என்றால் ஆழமாக இறங்கித் தடியில் மாட்டிக்கொண்டது. மாமா இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி. வியர்த்துப்போய் உட்காருவார், மாமி கட்டன்சாயா கொடுப்பார், மறுபடி எழுந்திருப்பார். எட்டாவது வாரம் நான் போயிருந்தபோது இடது கையை எடுத்துவிட்டு ஒரு தடவை இழுத்துக் காட்டினார். இரண்டு விரற்கடை நீளத்துக்குச் சீவல் அறாமல் சுருண்டு விழுந்தது. தடியில் காயம் இல்லை.

அந்தச் சீவல்களை மாமி ஒரு சிரட்டையில் போட்டு வைத்திருக்கிறார். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஃபிலிமோடு அதையும் எடுத்துக்கொண்டு போவாராம்.